தீயில் பிழைக்கும் நீலப் பழம்

அமெரிக்க வரைபடத்தின் வடகிழக்கு மூலையில், கனடாவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது மெய்ன் மாநிலம். அதன் கிழக்குக் கோடியில் இருக்கிறது வாஷிங்டன் மாவட்டம். தலைநகர் வாஷிங்டனுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டு உறவு இல்லை. போஸ்டன் நகரிலிருந்து காரில் கிளம்பினால் போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம். கடலோரத்தில் சிங்கி இறால் பிடிக்கும் படகுகள், உள்ளே ஊசியிலைக் காடு. ஆட்கள் குறைவு, வேலைவாய்ப்பு அதைவிடக் குறைவு. காட்டுப் பாதையில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று மரங்கள் நின்றுபோகின்றன. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். அங்கங்கே யானை படுத்திருப்பது போலத் தனித்தனிப் பாறைகள். கணுக்கால் உயரத்துக்கு மேல் எதுவும் முளைக்காத மண் என்றுதான் முதலில் தோன்றும். ஆகஸ்ட் மாதம் வந்திருந்தால் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். காலடியில் தரையே நீலமாக இருக்கும்.

ஊர்க்காரர்கள் இந்த நிலத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'பாரன்ஸ்'. மலட்டு நிலம் என்று அர்த்தம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது மணலையும் சரளையையும் பாறைகளையும் கொட்டிவிட்டுப் போன இடம். மண்ணில் அமிலத்தன்மை அதிகம், சத்து சொற்பம். வேறு பயிர் வைத்தவன் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். அப்படிப்பட்ட மண்ணைத்தான் காட்டு ப்ளூபெர்ரி தேடிப் பிடித்திருக்கிறது. இதை யாரும் நடவில்லை, விதைக்கவில்லை. தானாக வந்து, மண்ணுக்கடியில் தண்டுகளைப் படரவிட்டு, ஒவ்வொரு செடியும் ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. ஒரு செடியின் பழம் கருநீலம். பக்கத்துச் செடியில் சாம்பல் பூத்த வெளிர்நீலம். அதற்கடுத்தது ஏறக்குறைய கறுப்பு. ருசியும் அப்படியே மாறுகிறது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டால் நாலைந்து விதமான இனிப்பும் புளிப்பும் ஒன்றாகக் கலந்து வரும். மெய்ன்காரர்கள் தங்கள் பழத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது முதலில் சொல்வது இதைத்தான்.

பழம் சின்னது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, சுண்டைக்காயைவிடச் சின்னது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பளபளக்கும் கோலிக்குண்டு ப்ளூபெர்ரிக்கும் இதற்கும் உள்ள உறவு பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை உறவு மாதிரிதான். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இந்தச் செடியை வளர்க்கும் முறைதான் விசித்திரமானது. வெட்டுவார்கள், அல்லது கொளுத்துவார்கள். ஒரு வருடம் காய்த்த நிலத்தை அறுவடைக்குப் பிறகோ அடுத்த வசந்த காலத்திலோ வைக்கோல் பரப்பியோ எண்ணெய் ஊற்றிய பர்னரை ஓட்டியோ எரித்துவிடுகிறார்கள். தரைக்கு மேலே இருப்பதெல்லாம் சாம்பல். கீழே தண்டு பத்திரமாக இருக்கிறது. அந்த வருடம் புதுக் குச்சிகள் கிளம்பும், பூ வராது. அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் வெள்ளை மணிகள் போலப் பூக்கும், ஆகஸ்டில் பழுக்கும். ஆக, எந்த ஒரு வருடத்திலும் நிலத்தில் பாதிதான் பழம் தரும். மீதிப் பாதி ஓய்வில் இருக்கும். எரிபொருள் விலை ஏறியதாலும் மண்ணின் மேல்பரப்பு சேர்ந்து எரிந்துபோவதாலும் இப்போது பலர் தீயை விட்டுவிட்டு இயந்திரத்தால் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுகிறார்கள்.

தீ வைக்கும் வித்தை வெள்ளைக்காரர்களுடையது அல்ல. பாஸமகுவாடி, பெனாப்ஸ்காட், மிக்மாக் முதலான வாபனாக்கி இனத்து மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பொட்டலைக் கொளுத்திப் பழம் எடுத்தவர்கள். பழத்தை வெயிலில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். இறைச்சியோடு சேர்த்துச் சமைத்தார்கள். பழத்தின் அடியில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று இருக்கும், பூவின் புல்லிவட்டம் காய்ந்த தடம். பஞ்ச காலத்தில் குழந்தைகளின் பசி தீர வானத்திலிருந்து அனுப்பப்பட்ட நட்சத்திரப் பழம் இது என்று இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள் சொல்வதாக ஒரு கதை உண்டு.

வியாபாரமாக மாறியது 1860-களில். உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கத்துச் சிப்பாய்களுக்கு டப்பாவில் அடைத்த ப்ளூபெர்ரி போயிற்று. போர் முடிந்ததும் ருசி பழகிய சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள்; டப்பாத் தொழிற்சாலைகள் பெருகின. இன்று டப்பா போய்விட்டது. மெய்னின் காட்டுப் பழத்தில் ஏறக்குறைய முழுவதும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு என்கிறார்கள், பறித்த கையோடு தொழிற்சாலைக்குப் போய் ஒவ்வொரு பழமும் தனித்தனியாக உறையவைக்கப்படுகிறது. அவ்வளவு மெல்லிய தோலுள்ள பழம் லாரியில் தூரதேசம் போய்ச் சேராது.

பறிப்பது என்று சொல்வது சரியில்லை, வாரி எடுக்கிறார்கள். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. முறத்தின் வாயில் சீப்பைப் பொருத்தியது மாதிரி இருக்கும், மேலே ஒரு கைப்பிடி. குனிந்து, செடிக்குள் அதைச் செலுத்தி, மணிக்கட்டைச் சுழற்றித் தூக்கினால் பழம் முறத்தில் விழும், இலை செடியிலேயே நிற்கும். கொலம்பியா ஃபால்ஸ் என்ற ஊரில் 1880-களில் உருவான இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. வயலில் நூல் கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஆளுக்கொன்று ஒதுக்குகிறார்கள். கூலி பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கி முதுகு ஒத்துழைக்கும் வரை வேலை. பக்கத்தில் காற்றடிக்கும் இயந்திரத்தில் சருகும் குப்பையும் பறக்கின்றன. நம் களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகமும் செருப்பும் வாங்கக் காசு சேர்த்தது இந்த வயல்களில்தான். கனடாவிலிருந்து மிக்மாக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆகஸ்டில் எல்லை தாண்டி வருகின்றன. அவர்களுக்கு இது கூலி வேலையோடு உறவினர்களைச் சந்திக்கும் திருவிழாவும்கூட. பிறகு மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்போது மேடுபள்ளமில்லாத இடங்களில் டிராக்டரில் மாட்டிய இயந்திரம் வாரிவிடுகிறது. பாறை கிடக்கும் இடத்தில்தான் கைக்கு வேலை. பாஸமகுவாடி மக்களின் கதையில் மட்டும் ஒரு திருப்பம். பறிகொடுத்த நிலங்களுக்காக அவர்கள் தொடுத்த வழக்கின் விளைவாக 1980-ல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. கிடைத்த பணத்தில் அவர்கள் வாங்கியவற்றில் ஒன்று ஒரு பெரிய ப்ளூபெர்ரிப் பண்ணை. தங்கள் முன்னோர் கொளுத்திய பொட்டலையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

'காட்டு' என்ற அடைமொழியையும் கொஞ்சம் உப்புப் போட்டே விழுங்க வேண்டும். நடவில்லை என்பது உண்மை. ஆனால் மே மாதத்தில் பூ பூக்கும்போது தெற்கிலிருந்து லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகள் வாடகைக்கு வந்து இறங்குகின்றன. 1980-களில் ஹெக்ஸாசினோன் என்ற களைக்கொல்லி வந்த பிறகு விளைச்சல் மளமளவென்று ஏறியது. அதே மருந்து பின்னால் நிலத்தடி நீரிலும் தென்பட்டது. இயற்கை முறையில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், விளைச்சல் குறைவு, விலை அதிகம்.

நம் கடையில் கிடைக்கும் பெரிய பழத்தின் ஊர் மெய்ன் அல்ல, நியூ ஜெர்சி. அங்கே பைன் காட்டுக்குள் வைட்ஸ்பாக் என்ற கிராமத்தில் கிரான்பெர்ரி தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண் எலிசபெத் வைட். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரடெரிக் கோவில் 1910-ல் வெளியிட்ட சிறு அறிக்கை ஒன்று அவர் கண்ணில் பட்டது. ப்ளூபெர்ரியை வீட்டுப் பயிராக்கலாம், அதற்கு அமில மண் வேண்டும் என்று கோவில் கண்டுபிடித்திருந்தார். எங்கள் தோட்டத்திலேயே வந்து செய்து பாருங்கள் என்று எலிசபெத் அழைத்தார். காட்டுக்குள் ஆள் உயரம் வளரும் இன்னொரு வகைப் புதரில் பெரிய பழம் இருப்பதைக் காட்டில் அலைபவர்கள் அறிவார்கள். பெரிய பழமுள்ள புதரைக் காட்டுபவருக்குப் பரிசு; புதருக்கு அவர் பெயரே வைக்கப்படும். இப்படி வந்து சேர்ந்த புதர்களை ஒட்டவைத்தும் கலந்தும் 1916-ல் முதல் அறுவடையை விற்றார்கள். இன்று உலகம் முழுக்கப் பெட்டியில் விற்கும் ப்ளூபெர்ரி அந்தப் புதர்களின் வாரிசு. 2010 வாக்கில் பெயருக்குக்கூட ஏற்றுமதி செய்யாத பெரு நாடு சில ஆண்டுகளிலேயே உலகின் முதல் ஏற்றுமதியாளர் ஆகிவிட்டது. ஆண்டிஸ் மலைக்குக் கீழே பாலைவனத்தில், சொட்டு நீரில்.

நமக்கும் தூரத்து உறவு உண்டு. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் இதே வாக்சினியம் இனத்தைச் சேர்ந்த மரங்கள் இருக்கின்றன. ஒன்றின் தாவரவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. அவற்றின் பழம் பறவைகளுக்குத்தான், சந்தைக்கு வருவதில்லை. தமிழில் ப்ளூபெர்ரிக்கு அவுரிநெல்லி என்று ஒரு பெயரை உண்டாக்கியிருக்கிறார்கள். அவுரி சாயச் செடி. நெல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழக்கடையில் போய் அவுரிநெல்லி கால் கிலோ என்று கேட்டால் கடைக்காரர் நாட்டு மருந்துக் கடைக்கு வழி காட்டுவார்.

இவ்வளவு காலம் பணியாரத்துக்கும் ஜாமுக்கும் உரிய சாதாரணப் பழமாக இருந்தது மருந்தாக மாறியது எப்படி? 1990-களில். போஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் வேளாண் துறை ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது, முதுமையும் உணவும் அதன் பாடம். அங்கே காய்கனிகளைச் சோதனைக் குழாயில் போட்டு, எது எவ்வளவு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளந்தார்கள். ப்ளூபெர்ரி பட்டியலின் உச்சிக்கு வந்தது. 1999-ல் ஜேம்ஸ் ஜோசப் குழுவினர் கிழட்டு எலிகளுக்கு எட்டு வாரம் ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பசலைக்கீரைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். ப்ளூபெர்ரி தின்ற எலிகள் குச்சிமேல் தடுமாறாமல் நடப்பது போன்ற சோதனைகளில் தேறின. பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? மூளைப் பழம் என்று பட்டம் கட்டினார்கள்.

மெய்னில் இதை வரவேற்றதற்குக் காரணம் இருந்தது. அங்கே 1945-லிருந்தே விவசாயிகளும் ஆலைகளும் பவுண்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரி கட்டுகிறார்கள். அந்தப் பணம் ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. எலி நடந்த செய்தி அந்தப் பொட்டல் காட்டுக்கு அதிர்ஷ்டம். தேவை ஏறியது. கனடாவிலும் நிலம் விரிந்தது, தோட்டப் பழம் உலகமெங்கும் பெருகியது. 2014-ல் மெய்ன் 10 கோடி பவுண்டுக்கு மேல் விளைவித்தது. அப்புறம் நடந்தது எந்த விவசாயிக்கும் தெரிந்த கதை. 2011 வாக்கில் பவுண்டுக்கு 90 சென்ட் அளவில் இருந்த விலை 2017-ல் 25 சென்ட்டை ஒட்டி விழுந்தது. பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிலர் வயலை அப்படியே விட்டார்கள். அதே ஆண்டுகளில் உலகின் பெருநகரங்களில் 'சூப்பர் ஃபுட்' என்ற சீட்டோடு அந்தப் பழத்தின் விலை குறைந்ததாக யாருக்கும் நினைவில்லை. இதற்கு முன்பும் இப்படி ஒரு தகராறு உண்டு. 1990-களின் பிற்பகுதியில் கொள்முதல் விலையைத் தங்களுக்குள் பேசிவைத்துக் குறைத்ததாக விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2003-ல் மெய்ன் ஜூரி பதப்படுத்தும் கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

சரி, மருந்துக் கதையில் உண்மை எவ்வளவு?

பழத்தின் நீலம் ஆன்தோசயனின் என்ற நிறமிகளால் வருவது. அவை பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. சின்னப் பழத்தில் சதையைவிடத் தோலின் பங்கு அதிகம் என்பதால் காட்டுப் பழத்தில் நிறமியும் அதிகம் என்று மெய்ன்காரர்கள் சொல்வது நியாயமான கணக்குதான். ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது உடம்பில் நடக்க வேண்டும் என்று சட்டமில்லை. அந்தப் புகழ்பெற்ற பட்டியலை வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை, விளம்பரக்காரர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது சொன்ன காரணம். பல பாக்கெட்டுகளில் அந்தப் பழைய பெருமை இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டது ஒன்று. 1,87,382 பேரின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வாரம் மூன்று முறை ப்ளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் அபாயம் 26 சதவீதம் குறைவாக இருந்தது. திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவர்களுக்கும் ஓரளவு குறைவு. பழச்சாறு குடித்தவர்களுக்கு மாறாக அபாயம் கூடுதல். சர்க்கரை நோயாளிகளின் நாடான நமக்கு, ப்ளூபெர்ரியைவிட இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம் என்பேன். தவிர, ப்ளூபெர்ரி வாங்கிச் சாப்பிடும் அமெரிக்கர் பொதுவாகவே நடப்பவர், புகைக்காதவர், வசதியுள்ளவர். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள். முழுசாகக் கழிக்க முடியாது.

இன்னொன்று இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்டது. தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் வரம்பின் விளிம்பில் இருந்த, 50-லிருந்து 75 வயதுக்குட்பட்ட 115 பேர். ஆறு மாதம் தினமும் ஒரு கோப்பை, அதாவது 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடி ஒரு பிரிவுக்கு; அதில் பாதி இன்னொரு பிரிவுக்கு; நிறமும் ருசியும் மட்டும் உள்ள போலிப் பொடி மூன்றாவது பிரிவுக்கு. முழு அளவு சாப்பிட்டவர்களின் ரத்தக் குழாய்கள் முன்பைவிட நன்றாக விரிந்தன. பாதி அளவுக்குப் பலன் தெரியவில்லை. இன்சுலின் விஷயத்தில் எந்தப் பிரிவிலும் முன்னேற்றம் இல்லை. ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் அமெரிக்க ப்ளூபெர்ரி விவசாயிகளின் சங்கமும் ஒன்று. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் கேக்கின் மேல் வைத்த நாலு பழத்தால் இதயம் இளமையாகும் என்று நினைப்பவர்கள் அந்தப் 'பாதி அளவு' வரியை ஒரு முறை படிக்க வேண்டும்.

மற்றபடி இது ஒரு நல்ல, சாதுவான பழம். 100 கிராமில் 57 கலோரி, 10 கிராம் சர்க்கரை, இரண்டரை கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி சுமார் 10 மில்லிகிராம். கொய்யாவில் 200-க்கு மேல். வைட்டமின் கே கொஞ்சம் இருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தினமும் கிண்ணம் கிண்ணமாகத் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

மெய்னில் யாரும் இதைக் கிராம் கணக்கில் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் காலையில் கிண்ணம் நிறையப் பழம், மேலே குளிர்ந்த பால். அப்பத்தில், மஃபினில், ஐஸ்கிரீமில் பழம். மாவை அடியில் பரப்பி மேலே பழமும் வெண்ணெய் பிசிறிய சர்க்கரையும் தூவிச் சுடும் ஒரு கேக் உண்டு. 'பக்கிள்' என்று பெயர். எல்லாவற்றுக்கும் ராஜா 'பை'. மைதா மேலோட்டுக்குள் பழத்தைக் கொட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, நீலக் குழம்பு ஓரத்தில் கொதித்து வழியும்வரை அடுப்பில் வைப்பது. 2011-ல் மாநிலத்தின் அதிகாரபூர்வ இனிப்பாகவே இதை அறிவித்துவிட்டார்கள். மச்சாயஸ் என்ற சிற்றூரில் பழைய தேவாலயத்தார் 1970-களில் தொடங்கிய திருவிழா ஆகஸ்ட் நடுவில் நடக்கிறது. கையைப் பயன்படுத்தாமல் பை தின்னும் போட்டிதான் அதன் உச்சம். முடியும்போது மூக்கு, நெற்றி, காது எல்லாம் நீலம். அவர்களில் சிலருடைய பையில் தெரிவது சமைக்காத பழம்: பாதிப் பழத்தைக் கொதிக்கவைத்துக் கூழாக்கி, மீதியைப் பச்சையாக அதில் புரட்டிக் குளிரவைத்தது. ருசியில் எனக்கு அதுதான் மேல். நிறமியும் சூட்டில் வீணாகாமல் இருக்கும்.

நம் ஊருக்கு ப்ளூபெர்ரி முதலில் வந்தது பழமாக அல்ல, பேக்கரியில் 'ப்ளூபெர்ரி சீஸ் கேக்' மேல் ஊற்றிய கூழாக. அதில் பெரும்பகுதி சர்க்கரையும் ஸ்டார்ச்சும். புதுப் பழம் இப்போது எல்லாப் பெருநகரங்களிலும் கிடைக்கிறது, பெரும்பாலும் இறக்குமதி. 2023 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜி-20 மாநாட்டுக்கு டெல்லி வந்த சமயத்தில் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தத்தில் உறைந்த வான்கோழி, வாத்து இவற்றோடு ப்ளூபெர்ரிக்கும் இந்தியா சுங்க வரியைக் குறைக்கச் சம்மதித்தது. ராஜதந்திரத்தில் இடம்பிடித்தும் 125 கிராம் பெட்டிக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வின் முழு அளவுக்கு தினமும் ஒரு பெட்டிக்கு மேல் வேண்டும். மாதக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதென்றால் உறையவைத்த பழம் புத்திசாலித்தனம். கிலோக் கணக்கில் மலிவு, நிறமி பெரும்பாலும் அப்படியே இருக்கும், அழுகாது. உலர்ந்த ப்ளூபெர்ரி என்று வருவதில் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எண்ணெய் தடவியது. சீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். புதுப் பழத்தின் மேல் உள்ள வெண்சாம்பல் பூச்சு மருந்து அல்ல, பழமே சுரக்கும் மெழுகு. அது இருந்தால் பழம் புதுசு. சாப்பிடும்போது மட்டும் கழுவ வேண்டும், முன்கூட்டியே கழுவினால் மறுநாள் பூஞ்சை.

நம் சமையலுக்கு இது பொருந்துமா? தோட்டப் பழத்தில் புளிப்பு குறைவு, அதனால் தனியாகக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். எலுமிச்சை நாலு சொட்டு, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் விழித்துக்கொள்ளும். உறைந்த பழத்தைக் கட்டித் தயிரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் தயிர் தானே ஊதாவாகும். தயிர்சாதத்தில் மாதுளைக்குப் பதில் தூவலாம். குழந்தைகள் நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள். கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ் கஞ்சி எதிலும் இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். கேக்கில் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சமையல் சோடா கொஞ்சம் கூடினால் பழத்தைச் சுற்றி மாவு பச்சை தட்டிவிடும். கெட்டுப்போனதல்ல, காரத்தில் ஆன்தோசயனின் நிறம் மாறுவது. ஒரு கரண்டி மோர் ஊற்றிப் பிசைந்தால் ஊதாவாகவே நிற்கும்.

கடைசியாக நாவல் பழம். ப்ளூபெர்ரியின் நீலத்துக்குக் காரணமான நிறமிகளில் முக்கியமானவை மால்விடின், டெல்ஃபினிடின், பெட்டுனிடின். நாவல் பழத் தோலின் நிறமிகளும் இதே மூன்று தான். குடும்பம் வேறு, கண்டம் வேறு, சாயம் ஒன்று. நாவலுக்கு வரி கட்டும் விவசாயிகளோ ஆய்வுக்குப் பணம் தரும் சங்கமோ கிடையாது. அதனால் 115 பேரை ஆறு மாதம் உட்காரவைத்துச் சோதித்த கணக்கும் அதற்கு இல்லை. சர்க்கரை நோய்க்கு நாவல் என்ற நம் நம்பிக்கையையும் அதே தராசில் வைக்க வேண்டியிருக்கிறது. பிரேசிலில் நாவல் இலைக் கஷாயம் கொடுத்து முறையாகச் சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. பழமாகச் சாப்பிட அதெல்லாம் தடையில்லை. வட இந்தியாவில் ஜூனில் தள்ளுவண்டியில் இலையில் குவித்து, கறுப்பு உப்பைத் தூவிக் குலுக்கித் தருகிறார்கள். தமிழ்நாட்டில் உப்பும் மிளகாய்த்தூளும். தொண்டையை இழுக்கும் அந்தத் துவர்ப்பு ப்ளூபெர்ரியில் கிடையாது. சீசன் ஏழெட்டு வாரம்தான். கொட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் தீபாவளி வரைக்கும் தயிருக்கு ஆகும்.